கிண்ணத்தைத் தள்ளி வைத்த ஏழரை அடி மனிதர்

ஒரு விளையாட்டு வீரர் ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வார்? நம்ம ஊர் அனுபவத்தை வைத்துச் சொன்னால் பதில் சுலபம். டிவியில் வர்ணனை செய்வார். பயிற்சியாளர் ஆவார். ஒரு அகாடமி தொடங்குவார். விளம்பரத்தில் வந்து சிமெண்டோ பனியனோ விற்பார். கொஞ்சம் ஆசை அதிகமானால் தேர்தலில் நிற்பார். தப்பே இல்லை. முப்பது, முப்பத்தைந்து வயதில் முடிந்துபோகிற தொழில் அது. மீதி வாழ்நாளுக்கு ஏதாவது செய்துதானே ஆகவேண்டும்?

நான் இங்கே சொல்லப் போகிறவரும் விளம்பரத்தில் நடித்தவர்தான். ஒரே ஒரு வித்தியாசம். மற்றவர்கள் "இதை வாங்குங்கள்" என்பார்கள். இவர் "இதை வாங்காதீர்கள்" என்றார். ஒரு பொருளை வாங்க வைப்பது எப்படி என்றுதான் பி.காம். வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். வாங்காமல் இருக்க வைப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் ஒரு பாடத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த மனிதரின் கதை எனக்குப் பிடித்துப் போனது.

அவர் பெயர் யாவ் மிங். சீனாக்காரர். கூடைப்பந்து வீரர். உயரம் 2.29 மீட்டர், அதாவது ஏழரை அடி. நம் வீட்டு வாசற்படி நிலையில் நெற்றியை இடித்துக்கொள்ளாமல் அவரால் உள்ளே வரமுடியாது :)

சுறாக்கள் அணியிலிருந்து

யாவ் மிங் 1980 செப்டம்பர் 12 அன்று ஷாங்காய் நகரில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே கூடைப்பந்து ஆடியவர்கள். அம்மா சீன தேசிய அணியின் கேப்டனாக இருந்தவர். பையன் எந்த விளையாட்டுக்குப் போவான் என்று யாரும் ஜோசியம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர் முதலில் ஆடிய அணியின் பெயர் ஷாங்காய் ஷார்க்ஸ். ஷார்க்ஸ் என்றால் சுறாக்கள். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 2002-ல் அந்த அணி சீனாவின் சாம்பியன் ஆனது. அதே வருடம் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளுக்கான வீரர் தேர்வில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி இவரை முதல் ஆளாக எடுத்துக்கொண்டது. அமெரிக்கக் கல்லூரி எதிலும் ஆடாத ஒரு வெளிநாட்டுக்காரர் முதல் இடத்தில் தேர்வானது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு என்.பி.ஏ.யில் 486 ஆட்டங்கள். எட்டு முறை ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாக்களில் சீனாவின் கொடியைப் பிடித்து நடந்தவரும் இவரே. நம் நாட்டில் சச்சினுக்கு இருக்கும் இடத்தை சீனாவில் இவருக்குக் கொடுத்துப் பாருங்கள், ஓரளவுக்குப் புரியும்.

ஆனால் அந்த உயரத்தையும் எடையையும் தாங்கிய கால்கள் ஒத்துழைக்கவில்லை. பாதத்தில் எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, மறுபடி முறிவு. 2009-10 சீசன் முழுவதும் ஆடவே இல்லை. அடுத்த சீசனில் ஐந்தே ஆட்டங்கள். 2011 ஜூலை 20 அன்று ஷாங்காயில் ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு முப்பது வயது.

ஒரு கிண்ணம் சூப்

கதை அவருடைய ஓய்வுக்கு ஐந்து வருடம் முன்பே தொடங்குகிறது. 2006 ஆகஸ்ட் 2 அன்று பெய்ஜிங்கில் வைல்ட்எய்ட் என்ற அமைப்பின் நிகழ்ச்சியில், இனிமேல் சுறாத் துடுப்பு சூப் சாப்பிடமாட்டேன் என்று யாவ் மிங் பகிரங்கமாக வாக்குறுதி கொடுத்தார்.

சூப் சாப்பிடாமல் இருப்பது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். சீனாவில் அது பெரிய விஷயம்தான். ஒரு காலத்தில் அரச குடும்பங்களும் பெரிய பணக்காரர்களும் மட்டுமே சாப்பிட்ட உணவு அது. 1980-களுக்குப் பிறகு சீனாவில் மக்கள் கையில் காசு புரளத் தொடங்கியதும் கல்யாண விருந்து, வியாபார விருந்து, அரசாங்க விருந்து எல்லாவற்றிலும் அது வந்து உட்கார்ந்துகொண்டது. கல்யாணத்தில் இந்த சூப் இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கௌரவக் குறைச்சல். நம் ஊரில் பந்தியில் பாயசம் போடாமல் விட்டால் எப்படிப் பேசுவார்களோ அப்படி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் துடுப்புக்கு ருசி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. நூல் நூலாகப் பிரிந்து வரும், அவ்வளவுதான். ருசியெல்லாம் கூடவே சேர்க்கிற கோழிச் சாற்றிலிருந்து வருவது.

அந்த ருசியில்லாத நூலுக்காகக் கடலில் என்ன நடந்தது? சுறாவின் மாமிசத்தைவிடத் துடுப்புக்குக் கிலோவுக்குப் பல மடங்கு விலை. படகிலோ இடம் குறைவு. ஆகவே பல இடங்களில் சுறாவைப் பிடித்து, துடுப்புகளை மட்டும் அறுத்துக்கொண்டு, உடம்பை உயிரோடு கடலில் தள்ளிவிட்டார்கள். துடுப்பில்லாத சுறாவால் நீந்த முடியாது. அப்படியே அடியில் போய்ச் சாகும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, துடுப்பு வியாபாரத்துக்காக வருடத்துக்கு 2.6 கோடியிலிருந்து 7.3 கோடி வரை சுறாக்கள் கொல்லப்படுவதாகக் கணக்கிட்டது. மற்ற மீன்களைப் போல சுறா லட்சக்கணக்கில் முட்டையிடாது. பருவத்துக்கு வரவே பல வருடங்கள் ஆகும், குட்டிகளும் குறைவு. செலவு அதிகம், வரவு குறைவு என்றால் எந்தக் கடையும் திவால்தான்.

சாப்பிடுகிறவர்களுக்கு இது தெரியுமா? 2006-ல் வைல்ட்எய்ட் சீனாவில் எடுத்த கணக்கெடுப்பில் நான்கில் மூன்று பேருக்கு அந்த சூப்பில் இருப்பது சுறா என்பதே தெரியவில்லை! காரணம், சீன மொழியில் அதற்குப் பெயர் "மீன் இறக்கை". சுறா என்ற சொல்லே பெயரில் இல்லை. நம் செய்தித்தாள்களிலும் சில நேரம் "சுறா இறக்கை பறிமுதல்" என்று போடுகிறார்கள். ஆனால் நாம் சுறாவையாவது விட்டுவிடவில்லை.

அதன்பிறகு வந்த விளம்பரங்களில் யாவ் மிங் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிரசங்கம் எதுவும் கிடையாது. ஏழரை அடி மனிதர், ஒரு சின்னக் கிண்ணம், ஒரு தள்ளு. 2009-ல் கடனில் தத்தளித்த தன் பழைய அணியான ஷாங்காய் ஷார்க்ஸையே அவர் விலைக்கு வாங்கினார். கடலில் இருக்கும் சுறாவையும் காப்பாற்றுகிறார், களத்தில் இருக்கும் சுறாவையும் காப்பாற்றுகிறார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தேவையும் அளிப்பும்

இப்போது கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், ப்ளஸ் டூ அளவுதான்.

ஒரு பொருளின் விலையை நிர்ணயிப்பவை தேவையும் அளிப்பும். காட்டு விலங்கு வியாபாரத்தைத் தடுக்க உலகம் காலம் காலமாகச் செய்துவந்தது அளிப்பைத் தடுப்பது. வனக்காவலர், துப்பாக்கி, சோதனைச் சாவடி, சுங்கத்துறை. இவை எல்லாமே அவசியம். ஆனால் தேவை அப்படியே இருக்க, அளிப்பை மட்டும் குறைத்தால் என்ன ஆகும்? விலை ஏறும். விலை ஏறினால் வேட்டைக்காரனுக்கு இன்னும் ஆசை வரும். பத்துப் பேரைப் பிடித்தால் பதினோராவது ஆள் கிளம்புவான்.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. விலை ஏறினால் தேவை குறையும் என்பது பொது விதி. சில பொருட்கள் அந்த விதிக்கு அடங்காது. தோர்ஸ்டின் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1899-லேயே இதை எழுதிவிட்டார். நாலு பேருக்குக் காட்டிக்கொள்வதற்காக வாங்கும் பொருட்களில் விலை உயர்ந்திருப்பதுதான் கவர்ச்சியே. மலிவாகக் கிடைத்தால் யாரும் சீண்டமாட்டார்கள். சுறாத் துடுப்பும் யானைத் தந்தமும் அந்த வகைப் பொருட்கள்.

அப்படியென்றால் அவற்றைக் கௌரவத்தில்தான் அடிக்க வேண்டும். அது கௌரவம் இல்லை என்று சொல்ல, ஊரே கௌரவிக்கிற ஒருவர் வேண்டும். வைல்ட்எய்ட் அமைப்பின் கோஷம் இதுதான்: வாங்குவது நின்றால் கொல்வதும் நிற்கும். யாவ் மிங் அவர்களுக்குக் கிடைத்தது அந்த இடத்தில்தான்.

கென்யாவுக்குப் போனார்

ஓய்வு பெற்ற அடுத்த வருடம், 2012 ஆகஸ்டில், யாவ் மிங் ஆப்பிரிக்காவுக்குப் போனார். கென்யா, தென்னாப்பிரிக்கா என்று இரண்டு நாடுகள். போட்டோவுக்கு நின்றுவிட்டுத் திரும்புகிற பயணமாக அது இருக்கவில்லை. கென்யாவின் வடக்கே சம்புரு மக்கள் வாழும் நமுன்யாக் பகுதியில், வேட்டைக்காரர்கள் கொன்று தந்தத்தை எடுத்துக்கொண்டு போட்டுவிட்டுப் போன யானையின் உடலுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். அவ்வளவு உயரமான மனிதர் அந்த உடலுக்கு முன்னால் ரொம்பச் சின்னவராகத் தெரிகிறார். ஓல் பெஜெட்டா காப்பகத்தில் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தையும் பார்த்தார். அப்போது உலகத்திலேயே அந்த இனத்தில் ஏழு மட்டுமே மிச்சம் இருந்தன. இந்தப் பயணம் 2014-ல் ஆவணப்படமாகத் தொலைக்காட்சியில் வந்தது.

அவர் போன நேரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்தப் பயணத்தின் அர்த்தம் புரியும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் 1989-ல் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்துக்குத் தடை முடிவானது. அடுத்த சில வருடங்களில் யானைகள் கொஞ்சம் மூச்சு விட்டன. பிறகு, இயற்கையாக இறந்த யானைகளின் தந்தம் எங்கள் கிடங்குகளில் குவிந்து கிடக்கிறதே என்று தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் கேட்டன. நியாயமான கேள்விதான். 1999-ல் ஜப்பானுக்கு ஒரு முறை விற்க அனுமதித்தார்கள். 2008-ல் போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளும் சுமார் 102 டன் தந்தத்தை சீனாவுக்கும் ஜப்பானுக்கும் விற்றன. சீனாவுக்குப் போனது அதில் சுமார் 62 டன்.

சட்டப்படி சரக்கு வந்து குவிந்தால் விலை இறங்கும், கள்ளச் சந்தை படுத்துவிடும் என்பது கணக்கு. காகிதத்தில் அழகான கணக்கு. நடந்தது என்ன? சீனாவில் அரசு உரிமம் பெற்ற தந்தக் கடைகள் கண்ணாடி விளக்குப் போட்டுத் திறந்திருந்தன. சட்டப்படி வந்த தந்தத்துக்கும் திருட்டுத் தந்தத்துக்கும் நெற்றியில் ஒட்டியிருக்கிறதா என்ன? நல்ல தந்தத்தோடு சேர்ந்து திருட்டுத் தந்தமும் வெள்ளையாகிவிட்டது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குகிற அதே வேலை. கடை திறந்திருப்பதைப் பார்த்த வாங்குகிறவனும், "அரசாங்கமே அனுமதித்திருக்கிறது, தப்பிருக்காது" என்று நினைத்துக்கொண்டான்.

2010 முதல் 2012 வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில் சுமார் ஒரு லட்சம் யானைகள் தந்தத்துக்காகக் கொல்லப்பட்டதாக 2014-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. தான்சானியாவில் 2009-ல் சுமார் 1,09,000 யானைகள் இருந்தன. 2014-ல் எண்ணியபோது சுமார் 43,000. ஐந்து வருடத்தில் பாதிக்கும் மேலே காலி.

இங்கேயும் அந்த மொழிச் சிக்கல் இருக்கிறது. சீன மொழியில் தந்தத்துக்குப் பெயர் "யானைப் பல்". பல் தானாக விழும், மறுபடி முளைக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2007-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் சீனாவில் பத்தில் ஏழு பேருக்குத் தந்தத்துக்காக யானை சாகவேண்டும் என்பது தெரியவில்லை. நாம் சிரிக்க வேண்டியதில்லை. தமிழில் தந்தம் என்கிறோமே, அதுவும் பல்லைக் குறிக்கும் வடசொல்தான். தந்தம் எடுக்க யானை சாகவேண்டும் என்பதை வீரப்பன் காலத்துச் செய்திகள் நமக்குச் சொல்லிக் கொடுத்தன. ஷாங்காயில் ஒரு மாடிக் குடியிருப்பில் வாழ்கிறவருக்கு அதை யார் சொல்வது? தங்களோடு வளர்ந்த ஒருவர், அந்த உடலுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர்கள் வந்து சொல்லியிருந்தால் "எங்கள் பண்பாட்டைக் குறை சொல்ல நீ யார்" என்றுதான் பதில் வந்திருக்கும்.

கடைகள் மூடிய கதை

2013-ல் யாவ் மிங் சீன மக்கள் அரசியல் ஆலோசனை மாநாட்டின் உறுப்பினர் ஆனார். அது சட்டம் இயற்றும் சபை இல்லை. அரசாங்கத்துக்கு யோசனை சொல்லும் சபை. 2014 மார்ச்சில் அங்கே தந்த விற்பனைக்குத் தடை கோரும் முன்மொழிவைக் கொடுத்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் டோங்குவான் நகரில் பறிமுதல் செய்த சுமார் ஆறு டன் தந்தத்தை சீன அரசு எல்லோரும் பார்க்கப் பொடியாக்கியிருந்தது. காற்று மாறத் தொடங்கியிருந்த நேரம்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2015 செப்டம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் தங்கள் நாடுகளில் தந்த வியாபாரத்தை ஏறக்குறைய முழுமையாக நிறுத்துவதாகச் சேர்ந்து அறிவித்தார்கள். 2016 டிசம்பர் 30 அன்று, அடுத்த ஒரு வருடத்துக்குள் உள்நாட்டுத் தந்த வியாபாரம் முழுவதும் மூடப்படும் என்று சீனா தேதி குறித்தது. 2017 மார்ச் 31 அன்று முதல் தவணையாக 67 பட்டறைகளும் கடைகளும் மூடப்பட்டன. அந்த வருடக் கடைசி நாளோடு மீதியும் மூடப்பட்டன.

என் கண்ணில் பட்டது விலைதான். சீனாவில் பச்சைத் தந்தத்தின் மொத்த விலை 2014 தொடக்கத்தில் கிலோவுக்கு சுமார் 2,100 டாலர். 2015 கடைசியில் 1,100 டாலர். 2017 பிப்ரவரியில் 730 டாலர். கவனியுங்கள், கடைசிக் கடை மூடுவதற்கு முன்பே விலை மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. அளிப்பு மட்டும் குறைந்திருந்தால் விலை ஏறியிருக்க வேண்டும். இறங்கியது என்றால், வாங்குகிறவனின் மனது மாறிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இனி இதற்கு மதிப்பில்லை என்ற பயமும் அதில் அடக்கம்.

இவர் ஒருவரால்தானா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது சினிமா வசனம் ஆகிவிடும்.

சுறாவையே எடுத்துக்கொள்வோம். அரசு விருந்துகளில் சுறாத் துடுப்பு கூடாது என்று 2012-ல் சீன அரசு அறிவித்தது, 2013 டிசம்பரில் விதியாகவே போட்டது. சுறா மீது உள்ள பாசம் மட்டும் அதற்குக் காரணமில்லை. ஊழல் ஒழிப்பு, சிக்கன நடவடிக்கை என்று அதிகாரிகளின் ஆடம்பர விருந்துகளையே அரசு வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதிகாரிகள் சாப்பிடுவது நின்றதும் வியாபாரம் பாதி படுத்துவிட்டது.

2014-ல் வைல்ட்எய்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் கேட்டவர்களில் 85 சதவீதம் பேர் கடந்த மூன்று வருடத்தில் இந்த சூப்பை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். 65 சதவீதம் பேர் விழிப்புணர்வுப் பிரசாரத்தைக் காரணமாகச் சொன்னார்கள். நல்ல எண்கள்தான். ஆனால் பிரசாரம் செய்த அமைப்பே அதன் பலனையும் அளக்கிறது. தன் கணக்கைத் தானே தணிக்கை செய்தால் ஆடிட்டிங் வாத்தியார் ஒத்துக்கொள்வாரா? அதனால் கொஞ்சம் தள்ளுபடி போட்டே படிக்க வேண்டும்.

எல்லாம் சுபம் என்றும் சொல்ல முடியாது. ஓல் பெஜெட்டாவில் இருந்த சூடான் என்ற கடைசி ஆண் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் 2018 மார்ச் 19 அன்று இறந்தது. அதன்பின் மிஞ்சியவை இரண்டு பெண் காண்டாமிருகங்கள் மட்டுமே. யாவ் மிங் பார்த்த இனம் அவர் கண்ணெதிரே கை நழுவிப்போனது.

ஆனாலும் ஒன்று சொல்வேன். அரசு ஒரு தடையைப் போடும்போது, மக்கள் ஏற்கனவே பாதி ஒப்புக்கொண்டிருந்தால்தான் அது நிற்கும். இல்லையென்றால் பின்வாசல் வழியாக எல்லாம் நடக்கும். அந்தப் பாதி ஒப்புதலைத் தயார் செய்தவர்களில் முதல் வரிசையில் இருந்தவர் யாவ் மிங்.

பள்ளிக்கூடங்கள்

காட்டு விலங்குகளோடு அவர் நிற்கவில்லை. 2008 மே 12 அன்று சிச்சுவான் மாகாணத்தைப் பூகம்பம் தாக்கியது. இறந்தவர்கள் சுமார் 69,000 பேர். நிறையப் பள்ளிக் கட்டடங்கள் குழந்தைகளோடு இடிந்து விழுந்தன. அந்த வருடம் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் யாவ் மிங் கொடி பிடித்து நடந்தபோது பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நடந்தான். பெயர் லின் ஹாவ். இடிபாட்டிலிருந்து தானும் தப்பி, வகுப்புத் தோழர்களையும் இழுத்து வந்தவன். அந்த இரண்டு பேரும் சேர்ந்து நடந்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அந்த வருடமே இருபது லட்சம் டாலர் கொடுத்து, இடிந்த பள்ளிகளைத் திரும்பக் கட்ட யாவ் அறக்கட்டளையைத் தொடங்கினார். பிறகு 2012 முதல் கிராமத்து ஏழைப் பள்ளிகளுக்கு விளையாட்டு ஆசிரியர்களையும் தொண்டர்களையும் அனுப்பி, கூடைப்பந்துப் போட்டிகள் நடத்த அந்த அறக்கட்டளை ஏற்பாடு செய்தது.

இன்னொரு விஷயம், இது எங்கள் ஆட்களுக்கு. ஓய்வு பெற்ற 2011-லேயே ஷாங்காய் ஜியாவ் டோங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தார். ஆட்டம் முடிந்தபின் படிப்பேன் என்று பெற்றோருக்குக் கொடுத்த வாக்காம். ஏழு வருடம் படித்து 2018-ல், 37 வயதில், பட்டம் வாங்கினார். நடுவில் 2017-ல் சீனக் கூடைப்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் பொறுப்பேற்றார். 2024 வரை அந்தப் பதவியில் இருந்தார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் மனம் தளர வேண்டாம்.

யார் விலை கொடுத்தது?

இந்தக் கதையில் ஒருவரை நாம் இன்னும் பார்க்கவில்லை. சுறா பிடிக்கிறவர்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் என்று ஒரு கடற்கரைக் கிராமம். அதையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த மீனவர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் இந்தியாவிலேயே பேர் போனவர்கள். அவர்கள் துடுப்பை அறுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் எறிகிற ரகம் இல்லை. முழுச் சுறாவும் கரைக்கு வரும். கறி நம் சந்தைக்கு. சுறாப்புட்டு யாருக்குத்தான் பிடிக்காது? துடுப்பு வெளிநாட்டுக்கு. 2013-ல் இந்திய அரசு, துடுப்பு உடம்போடு ஒட்டியபடிதான் சுறாவைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. 2015 பிப்ரவரியில் துடுப்பு ஏற்றுமதியையே தடை செய்தது.

சுறாவுக்கு அது தேவை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கணக்கை நேர்மையாக எழுத வேண்டாமா? பெய்ஜிங்கில் சூப்பை விட்டவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அதற்குப் பதில் வேறு சூப் வரும். இங்கே கடன் வாங்கிப் படகு இறக்கியவருக்கு ஒரே நாளில் வருமானத்தில் ஒரு பகுதி போய்விட்டது. தேவையைக் குறைத்தாலும் சரி, அளிப்பைத் தடுத்தாலும் சரி, அந்தக் கடைசி மனிதருக்கு மாற்று வழி காட்டவில்லையென்றால் பாதுகாப்பு என்பது ஏழையின் பையிலிருந்து எடுத்துச் செய்யும் தர்மமாகிவிடும். விலங்கைக் காப்பதும் மக்களுக்குச் செய்வதும் இரண்டு தனித்தனி சமூக சேவைகள் இல்லை. ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது.

கணக்குப்பதிவியலில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கண்ணால் பார்க்க முடியாத சொத்து. கட்டடம், இயந்திரம் போல அதைத் தொட முடியாது, ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் இடம் உண்டு. ஓய்வு பெற்ற விளையாட்டு வீரரிடம் மிஞ்சுவது அந்த ஒரு சொத்துதான். அதுவும் வருடா வருடம் தேய்ந்துகொண்டே போகும். புதுப் பையன்கள் வருவார்கள், ஜனங்கள் மறப்பார்கள். பெட்டியில் பூட்டி வைத்தால் ஒரு நாள் பூஜ்யமாகிவிடும். யாவ் மிங் அதைப் பூட்டி வைக்கவில்லை. மதிப்பு இருக்கும்போதே, தனக்கு ஓட்டும் போடாத, டிக்கெட்டும் வாங்காத உயிரினங்களுக்காக எடுத்துச் செலவு செய்தார்.

செத்த யானைக்குப் பக்கத்தில் அவர் நின்ற நமுன்யாக் பகுதியில் 2016-ல் ரெட்டெட்டி யானைகள் காப்பகம் திறக்கப்பட்டது. தாயை இழந்த யானைக் குட்டிகளை அங்கே வளர்க்கிறார்கள். அதை நடத்துகிறவர்கள் வெளியாட்கள் அல்ல, அந்த மண்ணின் சம்புரு மக்களே. குட்டிகளுக்குப் பால் புட்டி பிடிக்கும் வேலையில் பெண்களும் இருக்கிறார்கள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள். யானை உயிரோடு இருந்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். வாங்குகிறவன் நிறுத்திய பிறகு மறுமுனையில் நடக்க வேண்டியது அதுதான். தூத்தூருக்கு அப்படி ஒன்றை யார் கொண்டுவரப் போகிறார்கள் என்பதுதான் எனக்குள் இருக்கும் கேள்வி. நம்மிடமும் ஓய்வு பெற்ற வீரர்களுக்குப் பஞ்சமில்லையே.